கொழும்பில் ஃபிரெய்ட் சேல்ஸ்: யாரைப் போய்ப் பார்ப்பது?

தம்பி, கொழும்பில் ஒரு ஃபிரெய்ட் ஃபார்வர்டிங் (சரக்கைக் கப்பலில் அனுப்ப ஏற்பாடு செய்யும்) கம்பெனியில் சேல்ஸ் வேலை கிடைத்திருக்கிறது, தமிழை வைத்துச் சமாளிக்கலாமா, யாரைப் போய்ப் பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் தூத்துக்குடிக்காரன், இதே தொழிலில் இங்கேயே குடும்பத்தோடு தங்கிவிட்டேன். தைரியமாக வாருங்கள்.

புதிதாக வருகிறவர்கள் நேராகக் கட்டுநாயக்க, பியகம ஏற்றுமதி வலயத்து கார்மென்ட் ஃபேக்டரிகளுக்குத்தான் ஓடுவார்கள். அங்கே ஏற்றும் சரக்கில் பெரும்பாலானது எஃப்ஓபி, அதாவது சரக்கை வாங்குகிறவரே கப்பல் கூலி கட்டுகிற முறை. கப்பல் கூலி கொடுக்கிற வெளிநாட்டு பையர் தன் ஃபார்வர்டரைத் தன் நாட்டிலேயே முடிவு செய்திருப்பார். ஃபேக்டரி மேனேஜர் பிளேன் டீ கொடுத்து அன்பாகப் பேசி அனுப்புவார், புக்கிங் வராது. அதனால் எங்கே போனாலும், கூலி கட்டுவது யார் என்பதை முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

உங்களுக்கான இடம் கொழும்பின் மொத்த வியாபாரப் பகுதியான புறக்கோட்டை. கெய்சர் வீதித் துணிக்கடைக்காரர்கள், நாலாம் குறுக்குத் தெரு வெங்காய, பருப்பு மொத்த வியாபாரிகள். இவர்களில் சீனாவிலும் இந்தியாவிலும் எஃப்ஓபி விலைக்கு வாங்குகிறவர்களிடம்தான் எந்த லைன் (கப்பல் கம்பெனி) என்கிற முடிவு இருக்கும். நிறையப் பேர் தமிழர்கள், முஸ்லிம் வியாபாரிகளும் தமிழ்தான் பேசுவார்கள். காலையில் முதல் வியாபாரம் முடிவதற்குள் போய் ரேட் பேசாதீர்கள்.

எல்சிஎல்லில், அதாவது பிறர் சரக்கோடு ஒரே கன்டெய்னரில் சேர்த்து, மூன்று நாலு கன மீட்டர் மட்டும் போடுகிறவரையும் விடவேண்டாம். ஆனால் ஒன்று. சீனாவிலிருந்து வரும் எல்சிஎல்லுக்குக் கூலியை அடிமட்டத்துக்குக் காட்டிவிட்டு, டெலிவரி ஆர்டர் (சரக்கை விடுவிக்கும் சீட்டு) எடுக்கும்போது இங்கத்திய சார்ஜஸில் சேர்த்து வாங்குகிற பழக்கம் இந்தத் தொழிலில் உண்டு. எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. கொழும்பில் கட்டவேண்டியதையும் கூட்டி முழுத்தொகையாக எழுதிக் கொடுங்கள். ரேட் கொஞ்சம் அதிகமாகத் தெரியும், சில புக்கிங் கைநழுவும். பரவாயில்லை, சரக்கு எடுக்க வந்த இடத்தில் ஏமாந்து நின்ற வியாபாரி மறுபடி உங்கள் போனை எடுக்கமாட்டார்.

சிங்களம் அவசியம் பழகுங்கள். துறைமுகத்தில் சரக்கை கிளியர் செய்யும் வார்ஃப் கிளார்க், லொறி டிரைவர், கிடங்கு ஆட்கள் எல்லோரோடும் அதில்தான் அதிகம் பேசவேண்டியிருக்கும். மாதாமாதம் போயா (பௌர்ணமி) லீவு உண்டு, ஏப்ரல் புத்தாண்டுக்கு ஊரே அடங்கிவிடும். அந்த நாட்களும் ஃப்ரீ டேஸில் (கன்டெய்னருக்குக் கட்டணம் ஏறாத நாட்களில்) கழியுமா என்று லைனிடம் முன்கூட்டியே கேட்டு வாடிக்கையாளருக்குச் சொல்லுங்கள், டெமரேஜ் (தாமதக் கட்டணம்) ஏறிய பிறகு சொல்லிப் பயனில்லை.

தங்குவதற்கு வெள்ளவத்தை வசதி, வாடகைதான் கூடுதல். கொட்டாஞ்சேனை துறைமுகத்துக்குப் பக்கம். சுற்றுலா விசாவில் வந்து வேலையில் சேரச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வேலைக்கான விசா ஏற்பாட்டைக் கம்பெனி எழுத்தில் உறுதி செய்த பிறகு டிக்கெட் போடுங்கள்.