ஒன்பது அல்ல, ஆறு

அன்புள்ள சார்,

திருச்சியில் எம்.எஸ்ஸி. கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். யூடியூபில் ஓர் உரை கேட்டேன். இயற்கணித வளைவுகள் மீதான ஐசன்ஸ்டைன் தொடர்களின் சார்புச் சமன்பாடும், குவாண்டம் அஃபைன் அல்ஜீப்ராவின் விதியும் ஒரே அச்சில் வார்த்தவை என்றார் பேசியவர். எண் கோட்பாட்டுக்குள் குவாண்டம் எப்படி நுழைந்தது? இதற்கு நான் இயற்பியல் படிக்க வேண்டுமா? அணுவிலும் எண்ணிலும் ஒரே பேருணர்வு ஓடுகிறது என்று கொள்ளலாமா? ராமானுஜன் கனவில் கண்டது இதைத்தானோ?

எஸ்.

அன்புள்ள எஸ்,

கடைசி இரண்டு கேள்விகளையும் பார்க்காததுபோல் கடந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். மனசு கேட்கவில்லை. பேருணர்வை விடுங்கள். ராமானுஜன் 1916 கட்டுரையில் ஐசன்ஸ்டைன் தொடர்களைப் பின்னிய விதம் கனவு கண்டவர் வேலை அல்ல, பலகையில் போட்டுப் போட்டு முழங்கையால் அழித்தவர் வேலை. நம்மூர்ப் பெயர்தான் வேண்டுமென்றால், தண்டரையில் பிறந்த எம்.எஸ். நரசிம்மன் இருக்கிறார். வளைவுகள் மீதுள்ள வெக்டர் பண்டில்களை (புள்ளிக்கு ஒரு வெக்டர் வெளி என்று ஒட்டிய கட்டுகளை) எண்ணுவது பற்றி அவரும் குந்தர் ஹார்டரும் 1975-ல் எழுதியது உங்கள் கேள்விக்குப் பக்கத்து வீடு. அவர் பெயர் உங்கள் கடிதத்தில் இல்லை. கனவு இருக்கிறது.

சரி, இயற்பியல் வேண்டுமா? வேண்டாம். 1985 வாக்கில் டிரின்ஃபெல்ட், ஜிம்போ என்ற இரண்டு கணிதவியலாளர்கள் தனித்தனியே குவாண்டம் குலங்களைக் (quantum groups; நீங்கள் சொல்லும் குவாண்டம் அஃபைன் அல்ஜீப்ராவும் அதில் ஒரு வகை) கண்டெடுத்தபோது அவை இயற்பியல் மாதிரிகளிலிருந்துதான் வந்தன. (அவை குலங்களே அல்ல என்பது தனிக் கூத்து.) அங்கே க்யூ என்ற அளவுரு, குவாண்டம் இயற்பியலின் அடிப்படை எண்ணான பிளாங்க் மாறிலியின் நிழல். 1990-ல் ரிங்கல் என்பவர், ஒன்றுக்குள் இருக்கும் சிறியவற்றை எண்ணியே பெருக்கலை வரையறுக்கும் ஹால் அல்ஜீப்ரா வழியாக அதே அமைப்புக்கு வந்து சேர்ந்தார். அவருடைய க்யூ, ஒரு முடிவுறு களத்தில் (எண்ணி முடிக்கக்கூடிய உறுப்புகளே உள்ள எண்முறையில்) எத்தனை உறுப்புகள் என்ற வெறும் எண்ணிக்கை. நடுவில் ஒரு வர்க்கமூலம் வரும், அதற்காகப் பயப்படாதீர்கள். 1996-ல் கப்ரானோவ் இதையே வளைவுகளுக்குக் கொண்டுபோனார். முடிவுறு களத்தின் மீதுள்ள வளைவில், தானுருவச் சார்பு (automorphic form) என்பது அதன் எளிய வகையில் வெக்டர் பண்டில்கள் மேல் ஒரு சார்புதான். இரண்டு சார்புகளை ஹால் முறையில் பெருக்கினால், ஒரு பண்டிலுக்குள் இருக்கும் சிறு பண்டில்களையெல்லாம் கூட்டி எண்ணுகிறோம். அந்தக் கூட்டல்தான் ஐசன்ஸ்டைன் தொடர். பெருக்கும் வரிசையை மாற்றினால் என்ன ஆகும்? வளைவின் ஸீட்டா சார்பிலிருந்து (வளைவின் புள்ளிகளின் எண்ணிக்கையை ஒரே தொடராகக் கட்டியது) ஒரு விகிதம் வந்து ஒட்டிக்கொள்ளும். வளைவு வெறும் புரொஜெக்டிவ் கோடாக (கோட்டோடு முடிவிலியில் ஒரு புள்ளியும் சேர்ந்தது) இருந்தால், அந்த விகிதம் குவாண்டம் அஃபைன் அல்ஜீப்ராவில் டிரின்ஃபெல்ட் எழுதிய மாற்று விதியாகவே இருக்கிறது. இத்தனைக்கும் முடிவுறு களத்து வளைவுகளின் தானுருவச் சார்புகளிலும் முன்பே பெரிய வேலை செய்திருந்தவர் அதே டிரின்ஃபெல்ட்தான்!

இவ்வளவும் அந்த யூடியூப் உரையிலும் இருந்திருக்கும். கேட்டுத் தலையாட்டியிருப்பீர்கள். அப்புறம் காகிதத்தை எடுத்தீர்களா? எடுக்கவில்லை. எடுத்திருந்தால் பேருணர்வு வரை போயிருக்க மாட்டீர்கள்.

என்னையும் ஒருவர் இப்படித்தான் திட்டினார். கப்ரானோவின் கட்டுரையை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, எல்லாம் புரிந்துவிட்ட முகத்தோடு என் ஆசிரியரிடம் போனேன். கல்லூரி கேண்டீன். அவர் கட்டுரையைத் தொடவே இல்லை. சட்டைப்பையிலிருந்து மின்கட்டண ரசீதை எடுத்துத் திருப்பி வைத்து, "க்யூ இரண்டு. புரொஜெக்டிவ் கோட்டின் மேல் இரட்டை அற்பப் பண்டில். உள்ளே படி பூஜ்யத்தில் எத்தனை கோட்டுப் பண்டில்? படி மைனஸ் ஒன்றில் எத்தனை? எண்ணு" என்றார்.

இரட்டை அற்பப் பண்டில் என்றால் திருகலே இல்லாமல் புள்ளிக்கு ஓர் இருபரிமாண வெளி. கோட்டுப் பண்டில் என்றால் புள்ளிக்கு ஒரு கோடு. படி (degree) அதன் திருகலின் அளவு. படி பூஜ்யத்துக்கு மூன்று. அது சுலபம், சொல்லிவிட்டேன். படி மைனஸ் ஒன்றுக்கு இரண்டு ஒருபடிக் கோவைகளின் ஜோடி வேண்டும். களத்தில் இருப்பதே 0, 1 இரண்டுதான். ஆகவே அ, ஆ என்ற இரண்டு மாறிகளில் பூஜ்யம் அல்லாத கோவைகள் மூன்று: அ, ஆ, அ+ஆ. மூன்று மூன்றாக ஒன்பது ஜோடி. ஒன்பது என்று எழுதினேன். அவர் டீயை உறிஞ்சிவிட்டு, "அ, அ என்ற ஜோடி எங்கே பூஜ்யமாகும்?" என்றார். இரண்டும் ஒரே இடத்தில் பூஜ்யமாகும். அந்த இடத்தில் அது பண்டிலுக்குள் பண்டில் அல்ல, ஓட்டை. இரண்டும் ஒன்றேயான மூன்று ஜோடிகளை அடித்தேன். ஆறு.

அப்புறம் அடுத்த படிகளை அவரே எழுதினார்: 24, 96. ஆறிலிருந்து ஒவ்வொன்றும் நான்கு மடங்கு, அதாவது க்யூவின் வர்க்கம். ஆனால் மூன்றிலிருந்து ஆறுக்குப் போகும்போது மட்டும் இரண்டே மடங்கு. "இந்த முதல் படி ஏன் நொண்டுகிறது?" என்று கேட்டார். நான் விழித்தேன். பொதுப் பூஜ்யம் உள்ள ஜோடிகளை விலக்குவது என்றால், இந்த எண்ணிக்கைகளைக் கோத்த தொடரை ஸீட்டாவால் வகுப்பது என்று அர்த்தம். அந்த நொண்டல் ஸீட்டாவின் காலடித் தடம். நான் அடித்த மூன்று ஜோடிகளுக்குள்தான் அது இருந்தது. கட்டுரையை நாலு முறை வாசித்தும் எனக்குக் கண்ணில் படாதது, ரசீதின் பின்பக்கத்தில் பட்டது. அந்த ரசீதை நான் கேட்டேன். கட்டணம் கட்டவில்லை, தரமாட்டேன் என்றார்.

உங்கள் கேள்வியை எங்கேயோ விட்டுவிட்டேன், தெரியும். க்யூவை மூன்றாக வைத்து நீங்களே எண்ணுங்கள். பூஜ்யம் அல்லாத கோவைகள் எட்டு, ஜோடிகள் அறுபத்து நான்கு. இம்முறை வழுக்கும் இடம் இரண்டு. ஒன்று நான் விழுந்தது. இன்னொன்று, இரண்டால் பெருக்கினாலும் அதே பண்டில்தான் என்பது. விடையை நான் சொல்லப்போவதில்லை. தாளைப் படம் எடுத்து அனுப்புங்கள். அடித்தல் திருத்தல் இல்லாத தாளை அனுப்பினால் பதில் போட மாட்டேன்.