அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் வெந்நீர் ஊற்றுகளைத் தவிர, பார்க்க வேண்டிய அருவிகள் எவை?

இரண்டு நாள் இருந்தால் முதல் நாளை யெல்லோஸ்டோன் பெரும்பள்ளத்தாக்கில் உள்ள ‘கீழ் அருவி’க்கே (Lower Falls) கொடுத்துவிடுங்கள். உயரம் 94 மீட்டர், நயாகராவைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. ஆனால் உயரத்தைவிட அது உருவான விதம்தான் என்னை வியக்க வைக்கிறது. அங்கே இருப்பது ரயோலைட் என்னும் எரிமலைப் பாறை. பல்லாயிரம் ஆண்டுகளாக வெந்நீரும் நீராவியும் ஊடுருவியதால் அதன் ஒரு பகுதி இளகிப்போனது. ஆறு அந்த இளகிய பகுதியை அரித்துக்கொண்டு போக, இளகாத பாறை விளிம்பாக நின்றுவிட்டது. அந்த விளிம்பிலிருந்துதான் தண்ணீர் விழுகிறது. பள்ளத்தாக்குச் சுவர்களின் மஞ்சளும் சிவப்பும்கூட அதே வெப்பம் பாறையிலுள்ள இரும்பை மாற்றியதன் விளைவே. வெந்நீர் ஊற்றும் அருவியும் ஒரே கதையின் இரு பக்கங்கள். தென்கரையில் ஆர்ட்டிஸ்ட் பாயின்ட் என்னும் காட்சிமுனையில் நின்று பாருங்கள். கொஞ்ச நேரம் கேமராவை உள்ளே வைத்துவிட்டு.

மறுநாள் ஃபேரி அருவி. சுமார் 60 மீட்டர் உயரம், மெல்லிய நூல்போல இறங்கும். போக வர ஏறத்தாழ 8 கி.மீ. நடை, வழியிலேயே மேடேறி கிராண்ட் பிரிஸ்மாட்டிக் வெந்நீர் ஊற்றின் வண்ணங்களையும் பார்த்துவிடலாம். கரடி நடமாட்டம் காரணமாக இந்தப் பாதை மே மாதக் கடைசிவரை மூடியிருக்கும், அதற்கேற்பத் திட்டமிடுங்கள்.

கிப்பன் அருவி சாலையோரமே இருக்கிறது. பழைய எரிமலைவாயின் விளிம்பில் விழுவது அது; பத்து நிமிடம் போதும்.