பட்டறை பதில்கள்: சுத்தியலுக்குப் பதில் ஒரு பிரஸ்

கேள்வி: மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். தோலில் பர்ஸ், பெல்ட் செய்து விற்கிறேன். தையல் ஓட்டைக்குப் பஞ்ச் (ஓட்டை போடும் உளி) வைத்துச் சுத்தியலால் அடிக்க ஆரம்பித்தாலே கீழ்வீட்டுப் பாட்டி படியேறி வந்துவிடுகிறார். கை பிரஸ் வாங்கலாமென்றால் அரை டன், ஒரு டன், ஹைட்ராலிக் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை வாங்குவது?
- ஒரு வாசகி, வில்லாபுரம்

பதில்: பாட்டி பக்கம் நியாயம் இருக்கிறது, மதியத் தூக்கம் அவருக்கு. ஒரு டன் ஆர்பர் பிரஸ் போதும் (டன் என்பது அதன் எடையல்ல, அழுத்தும் பலம்). மெக்கானிக் பட்டறையில் புஷ், பேரிங் ஏற்ற வைத்திருப்பார்களே, அதேதான். கைப்பிடியை இழுத்தால் பற்சக்கரம் சுற்றி, பல் வெட்டிய சதுரக் கம்பி கீழே இறங்கி அழுத்தும். சத்தமே வராது.

ஆனால் டன்னைப் பார்த்து வாங்காதீர்கள், டேப்பை எடுத்துக்கொண்டு போங்கள். நான் முதலில் அரை டன் வாங்கி ஏமாந்தவன். வீட்டுக்குக் கொண்டுவந்து பஞ்சை நிறுத்தி, அடியில் பலகை வைத்து, தோலையும் வைத்தால் கம்பிக்கும் பஞ்சுக்கும் நடுவில் விரல் நுழைய இடமில்லை. பஞ்ச், பலகை, தோல் மூன்றின் உயரத்தையும் கூட்டி, அதற்கு மேல் இரண்டு அங்குலமாவது மிச்சம் இருக்க வேண்டும். அடுத்து, கம்பியின் நடுவிலிருந்து பின்னால் இருக்கும் வார்ப்பு உடம்பு வரை எவ்வளவு தூரம் என்று பாருங்கள்: பெல்ட்டுக்குப் பிரச்சினை வராது, பெரிய பைக்கு நடுவில் பட்டன் வைக்கப் போனால் தோல் முட்டி நிற்கும்.

வாங்கியபடியே அது தோல் வேலைக்கு ஆகாது. கம்பியைக் கழற்றி ஏதாவது லேத் பட்டறைக்கு எடுத்துப் போங்கள், கே.புதூர் தொழிற்பேட்டைப் பக்கம் போனால் கேட்டு விசாரித்துக்கொள்ளலாம். அடிமுகத்தின் நடுவில் 10 மி.மீ. துளை, ஓர் அங்குல ஆழம். துளைக்குள் வருவதை இறுக்கிப் பிடிக்க, பக்கத்தில் மரை போட்டு ஒரு ஆலன் ஸ்க்ரூ (அறுகோணச் சாவியால் திருகுவது). அந்தத் துளையில் உட்காரும்படி ஒவ்வொரு பஞ்சுக்கும் ஒரு தண்டு கடைந்து வாங்கிவிட்டால் மாற்றி மாற்றிப் போடலாம். கம்பியின் பக்கத் தகட்டில் இருக்கும் ஸ்க்ரூக்களைக் கொஞ்சம் இறுக்கி, கிரீஸ் தடவுங்கள். லூசாக விட்டால் ஓட்டை கோணலாகும், அப்புறம் கைப்பிடியை விட்ட மறுநொடி கம்பி தானாகச் சறுக்கி, அடியில் வைத்த விரலைப் பதம் பார்த்துவிடும்.

அடியில் பள்ளம் வெட்டிய வட்டத் தட்டு வரும். அதை எடுத்துவிட்டு அரை அங்குல இரும்புத் தகடு, அதன்மேல் காய்கறி வெட்டும் வெள்ளை பிளாஸ்டிக் பலகை. பட்டன், ரிவெட் வைக்கும்போது மட்டும் பலகையை எடுத்துவிடுங்கள். பிரஸ்ஸை மேஜையின் கால் இருக்கும் மூலையில் போல்ட் போட்டு இறுக்குங்கள், சும்மா வைத்தால் இழுக்கிற இழுப்பில் உங்கள் மேலேயே சாயும்.

பலம் போதவில்லை என்று கைப்பிடியில் பைப் மாட்டாதீர்கள், பற்சக்கரத்தில் பல் போய்விடும். பர்ஸ் முழுவதையும் ஒரே அழுத்தில் வெட்டும் பெரிய டைக்கு (வெட்டும் அச்சு) இது தாங்காது, அந்த வேலைக்குத்தான் ஹைட்ராலிக். இரண்டு அங்குல டை வரை தாராளமாக வெட்டலாம்.

கேள்வி: பிரஸ்ஸில் என் முத்திரையை அழுத்தினால் இரண்டு நாளில் மங்கிவிடுகிறது. ஏன்?
- ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: பிரஸ்மேல் பழி போடாதீர்கள், தோலைப் பாருங்கள். வெட்டிய ஓரத்தில் நடுவில் நீலச் சாம்பல் நிறம் தெரிகிறதா? அப்படியென்றால் குரோமிய உப்பில் பதப்படுத்திய தோல், அதில் முத்திரை சரியாக நிற்காது. மரப்பட்டை போட்டுப் பதப்படுத்திய தோல் வாங்குங்கள், பக்கத்தில் திண்டுக்கல் அதற்குப் பேர்போன ஊர். ஈரத் துணியால் துடைத்து, மேல்பரப்பு பழைய நிறத்துக்குத் திரும்பத் தொடங்கும்போது அழுத்தி, பத்து எண்ணும் வரை கைப்பிடியை விடாமல் பிடியுங்கள். சொட்டச் சொட்ட நனைத்தால் அச்சு ஊறிக் கொழகொழத்துவிடும்.