சீட்டா, காணியா, ரி.எவ்.எஸ்.ஏயா?

தம்பி, திருகோணமலை உவர்மலையிலிருந்து கனடாவின் ஸ்காபரோவுக்கு வந்து எட்டு மாதம், மாதம் 600 டொலர் மிஞ்சுகிறது, சீட்டில் போடுவதா, நிலாவெளியில் காணி வாங்குவதா, ரி.எவ்.எஸ்.ஏ (TFSA) என்ற வரியில்லாச் சேமிப்புக் கணக்கைத் திறப்பதா என்று கேட்டிருந்தீர்கள்.

நானும் திருகோணமலைதான். 1990இல் அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு ஓடியபோது காணி உறுதியை எடுக்கக்கூட நேரமிருக்கவில்லை. இடுப்பில் முடிந்திருந்த ஆறு பவுண்தான் கூட வந்தது. முகாமில் ஒவ்வொரு காப்பாக விற்றுத்தான் சாப்பிட்டோம். அதைப் பார்த்து வளர்ந்தவனுக்குப் பங்குச்சந்தை என்றால் வெறும் கடதாசி. அதனால் இங்கே உழைத்ததை நகையாக வாங்கினேன், மிச்சத்தை ஊர் வங்கியில் நிலையான வைப்பில் போட்டேன். வட்டி நல்லாகத்தான் தெரிந்தது. 2022இல் அமெரிக்க டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை போனபோது, என் வைப்பின் டொலர்ப் பெறுமதி கிட்டத்தட்ட பாதியானது. அம்மாவின் பயம்தான் என் காசை எங்கே போடுவது என்று முடிவெடுத்திருக்கிறது. நான் கணக்கே பார்க்கவில்லை.

சரி, உங்கள் விஷயம். கிரெடிட் கார்ட் கடன் இருந்தால் முதலில் அதை அடையுங்கள். மூன்று மாத வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் தனியாக வையுங்கள். அப்புறம் ரி.எவ்.எஸ்.ஏ. பெயரில் சேமிப்பு என்று இருப்பதால் எங்கள் ஆட்கள் பலர் காசை அதில் சொற்ப வட்டிக்கு அப்படியே விட்டுவிடுகிறார்கள். நானும் நாலு வருடம் விட்டேன். அதற்குள் பங்கு, பல கம்பனிப் பங்குகளைச் சேர்த்து வைத்திருக்கும் இன்டெக்ஸ் ஃபண்ட் எல்லாம் வாங்கலாம், இலாபத்துக்கு வரியில்லை. 2025க்குப் போடக்கூடிய எல்லை 7,000 டொலர். நீங்கள் வந்த வருடத்திலிருந்தே வருடாவருடம் போடக்கூடிய தொகை சேரும், இப்போது போடாவிட்டாலும் வீணாகாது. முதல் வீடு வாங்குவதற்கான சேமிப்புக் கணக்கு, எவ்.எச்.எஸ்.ஏ (FHSA), அப்படியல்ல, கணக்கைத் திறந்த பிறகுதான் வருடத்துக்கு 8,000 டொலர் என்ற எல்லை எண்ணத் தொடங்கும். வீடு வாங்கும் எண்ணம் இருந்தால் இந்த வருடமே திறந்து வையுங்கள்.

சீட்டைக் குறை சொல்ல மாட்டேன். என் வீட்டு முன்பணத்தில் பாதி சீட்டுக் காசு. ஆனால் பிடிக்கிறவர் கைவிரித்தால் கேட்க ஒரு துண்டுக் கடதாசிகூட இருக்காது. வீடுவாசல் தெரிந்தவரிடம் சின்னச் சீட்டு ஒன்று போதும்.

காணியை வீடியோ கோலில் பார்த்து வாங்காதீர்கள். சட்டத்தரணியை அனுப்பிக் காணிப் பதிவகத்தில் உறுதியைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். கனடாக் குடியுரிமை எடுத்தபின், இரட்டைப் பிரஜாவுரிமை இல்லாமல் வாங்குவது இலங்கையின் 2014ஆம் ஆண்டுக் காணிச் சட்டத்தால் சிக்கல்.

வீட்டுக்கு மாதம் எவ்வளவு அனுப்புகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அந்த 600 அதற்குப் பிறகு மிஞ்சுவதா, முன்பா? அதைச் சொல்லுங்கள், மிச்சத்தைச் சேர்ந்து கணக்குப் பார்ப்போம்.