கிட்டை இழுத்தால் கைட் ஆகுமா?

ஐயா, என் மகனுக்கு ஆறு வயது. ஆங்கில எழுத்துகளின் ஒலிகளைச் சேர்த்து வாசிக்கும் போனிக்ஸ் முறையை நானே சொல்லித்தருகிறேன். குறில் சொற்களை வாசித்துவிடுகிறான், நெடில் வந்தால் தடுமாறுகிறான். ‘கடைசியில் ஈ (e) வந்தால் அது பேசாது, முன்னால் இருக்கும் உயிரெழுத்து தன் பெயரைச் சொல்லும்’ என்று பழக்கினேன். கைட், ஃபைவ் எல்லாம் சரி. ஆனால் ‘கிவ்’ (give) என்பதைக் ‘கைவ்’ என்கிறான். பத்து முறை எழுதவைத்தேன், அழுதுவிட்டான். எந்த வரிசையில் சொல்லித்தருவது? எந்த வயதுக்குள் முடிக்க வேண்டும்?

அன்புள்ள சகோதரி,

உங்கள் மகன் செய்தது பிழையே இல்லை. ஃபைவ் என்று வாசித்தவன் அடுத்ததைக் கைவ் என்றுதான் வாசிப்பான். நீங்கள் கொடுத்த விதியை அப்படியே நம்பியிருக்கிறான். காலை வாரியது விதி, தண்டனை மட்டும் பிள்ளைக்கு. ஆறு வயதுக் கையைப் பத்து முறை எழுதவைத்தீர்களா? இனி அதைச் செய்யாதீர்கள்.

எந்த வயதுக்குள் என்பதை விடுங்கள், அவன் என்ன ரயிலா பிடிக்கப் போகிறான்.

இந்த விதி விஷயம் எனக்குள் வெகுநாளாக உறுத்துவது. ‘இரண்டு உயிர் சேர்ந்து வந்தால் முதலாவது பேசும், மற்றது வாய் மூடும்’ என்று பாட்டாகவே மனப்பாடம் செய்தவன் நான். இரண்டாம் வகுப்பில் எழுந்து நின்று ‘ஹெட்’ (head) என்ற சொல்லை ‘ஹீட்’ என்று வாசித்தேன். வகுப்பே சிரித்தது. ஈயும் ஏயும் ஒட்டி நிற்பதை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், பாட்டில் சொன்னபடிதானே இருக்கிறது என்று. தியோடர் கிளைமர் என்பவர் 1963-இல் தொடக்க வகுப்புப் பாடச் சொற்களை எடுத்து இந்த விதிகளை எண்ணியே பார்த்திருக்கிறார் என்பது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அந்தப் பாட்டு விதி 45 சதவீதச் சொற்களில்தான் பொருந்தியது. உங்கள் கடைசி ஈ விதிக்கு 63. பாட்டு பாதிக்கு மேல் பொய்க்கிறது, உங்கள் விதி மூன்றில் ஒன்றுக்கு மேல். இவற்றை விதி என்று குழந்தை கையில் கொடுக்கலாமா?

அப்புறம், குறில் நெடில் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் குழப்பமே. நம் நெடில் என்பது நேரம், ஒரு மாத்திரை இரண்டாகிறது. பல் என்ற சொல்லை இழுத்தால் பால் ஆகிவிடும். கிட் (kit) என்பதை எவ்வளவு இழுத்தாலும் கீட் ஆகுமே தவிர கைட் (kite) ஆகாது. அது வேறு ஒலி. நெடில் என்ற பெயரைக் கேட்டு உங்கள் மகன் இழுத்துக்கொண்டிருந்தால் அவன்மேல் குற்றமில்லை. இடைக்கால ஆங்கிலத்தில் உண்மையாகவே நீளம்தான் இருந்தது. நேம் என்ற சொல்லை ஏறக்குறைய ‘நாம’ என்றார்கள், கடைசி ஈக்கும் ஒலி உண்டு. அந்த ஒலி உதிர்ந்துவிட்டது, எழுத்து மட்டும் நிற்கிறது. கேக்ஸ்டன் 1476-இல் இங்கிலாந்தில் அச்சகம் வைத்த காலத்தில் அந்த நெடில்கள் இடம்மாறிக்கொண்டிருந்தன. எழுத்து அச்சில் மெல்ல உறைந்துபோக, ஒலி பாட்டுக்கு நகர்ந்துகொண்டே போனது.

சரி, கிவ் ஏன் அப்படி? வி என்ற எழுத்தில் சொல்லை முடிப்பது ஆங்கில எழுத்துமுறையின் வழக்கமில்லை. கிவ், லவ், ஹேவ் எல்லாவற்றிலும் ஓர் ஈயைக் கொண்டுவந்து முட்டுக்கொடுக்கிறார்கள். உயிரை மாற்றும் வேலை அங்கே அதற்கு இல்லை. தமிழ்ப் பிள்ளைக்கு இது புரியாதா என்ன? நாமும் வல்லின மெய்யில் சொல்லை முடிப்பதில்லை, நாடு, காசு, பந்து என்று ஓர் உகரத்தைப் பிடித்துக்கொள்கிறோம். அதைச் சொல்லிப் பாருங்கள், பிடித்துக்கொள்வான்.

வரிசை கேட்டீர்கள். ஒரு சீட்டில் கிட் (kit), இன்னொன்றில் ஹாப் (hop) எழுதுங்கள். ஈயைத் தனிச் சீட்டில் எழுதி அவன் கையில் கொடுத்து, வைத்தும் எடுத்தும் வாசிக்கச் சொல்லுங்கள். அது கைவந்தபின் ஒவ்வொரு ஜோடியாக வரட்டும். ட்ரீ, ஃபீட் போல இரண்டு ஈ, போட், ரோட் போல ஓவும் ஏயும், இவை அநேகமாக ஏமாற்றாது. ஹெட் எல்லாம் பிறகு.

அதற்கு முன், இன்று அவனை அழைத்து, ‘நீ வாசித்த முறை சரிதான், அந்தச் சொல்தான் வேறு மாதிரி’ என்று சொல்லுங்கள். அவன் பத்து முறை எழுதிய அந்தத் தாளை அவன் கண்ணெதிரே கிழித்துப் போடுங்கள்.