நார்ஃபோக்கிலிருந்து மயாமிக்குப் படகில்: கேள்வி பதில்

அமெரிக்காவின் கிழக்குக் கரையை ஒட்டி, பெரும்பாலும் கடலுக்குள் இறங்காமலே தெற்கே போக ஒரு நீர்வழி இருக்கிறது. ஆறு, கழிமுகம், காயல், ஆள் வைத்து வெட்டிய கால்வாய் என்று மாறி மாறி வரும் இன்ட்ராகோஸ்டல் வாட்டர்வே. வர்ஜீனியாவின் நார்ஃபோக்தான் மைல் 0. மயாமி ஏறக்குறைய மைல் 1,090. 26 அடி நீளம், ஒற்றை இன்ஜின் உள்ள படகில் இந்த வழியை மூன்று முறை முழுசாகப் போயிருக்கிறேன். வந்த கேள்விகளில் ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

அண்ணா, எனக்கும் மனைவிக்கும் சேர்ந்தாற்போல் பத்து நாள் லீவு. படகு 25 மைல் வேகத்தில் போகும். மயாமி வரை முடியுமா?

1,090ஐ 25ஆல் வகுத்தால் 44 மணி நேரம்தான் வரும் தம்பி. அந்தக் கணக்கை நம்பித்தான் எல்லோரும் கிளம்புகிறோம். ஆனால் படகுத்துறை வந்தால் மெதுவாகப் போக வேண்டும். ஃப்ளோரிடாவில் கடற்பசு உலவும் இடங்களில் ஊர்ந்து போக வேண்டும். நவம்பர் நடுவில் கரோலினா பக்கம் பகல் வெளிச்சமே பத்தரை மணி நேரத்துக்குள்தான். கேம்ப் லெஜூன் அருகே ராணுவம் சுடும் பயிற்சி வைத்துக்கொண்டால் வழியையே மூடிவிடுவார்கள். எனக்கு நல்ல நாளில் 80 மைல் கிடைக்கும். சுமாரான நாளில் 40.

பத்து நாளில் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் வரை போங்கள். அது ஏறக்குறைய மைல் 470. நடுவில் இரண்டு நாள் சும்மா உட்கார வேண்டி வந்தாலும் வலிக்காது.

இன்னொன்று. "சனிக்கிழமை மதியம் வந்துவிடுவோம்" என்று யாரிடமும் வாக்குக் கொடுக்காதீர்கள். ஆல்பமார்ல் சவுண்ட் என்ற காயலைப் படத்தில் பார்த்தால் ஏரி மாதிரி அமைதியாகத் தெரியும். அகலமான நீர், ஆழம் குறைவு. காற்று கொஞ்சம் வலுத்தால் போதும், ஒன்றை ஒன்று துரத்துகிற குட்டையான செங்குத்து அலைகள் கிளம்பிப் படகை உலுக்கிவிடும். அதை மோசமான நாளில் கடந்ததாக என்னிடம் சொன்ன ஒவ்வொருவருக்கும் மறுகரையில் யாரோ ஒருவர் காத்துக்கொண்டிருந்தார்.

பெட்ரோல் எவ்வளவு பிடிக்கும்? வழியில் தீர்ந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

என் படகு 25 மைல் வேகத்தில் மணிக்கு 12 காலன் குடிக்கும். அதாவது காலனுக்கு இரண்டு மைல் சொச்சம். 7 மைல் வேகத்தில் ஊர்ந்தால் காலனுக்கு மூன்றரை மைல் தருகிறது. இரண்டுக்கும் நடுவே, மூக்கைத் தூக்கிக்கொண்டு தண்ணீரை உழும் 11, 12 மைல் வேகம் இருக்கிறதே, அதுதான் மிக மோசம். அதில் ஓட்டவே ஓட்டாதீர்கள்.

டேங்கில் மூன்றில் ஒரு பங்கை இல்லாததாகவே நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு 120 காலன் டேங்க், அதனால் கணக்கில் 80 காலன், ஏறக்குறைய 160 மைல். பாதி இருக்கும்போதே அடுத்த பங்க் எங்கே என்று தேடிவிடுவேன். தெற்கே போகும்போது காயின்ஜாக்கில் (மைல் 50) நிரப்பிக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் அந்த ஆல்பமார்ல் சவுண்ட், அலிகேட்டர் ஆறு, நீண்ட கால்வாய் என்று ஆளரவம் குறைந்த வழி.

சிவப்பு மிதவை எந்தப் பக்கம், பச்சை எந்தப் பக்கம்? கடலிலிருந்து துறைமுகத்துக்குள் வரும்போது சிவப்பு வலது கைப்பக்கம் என்று படித்திருக்கிறேன்.

தெற்கே போனால் சிவப்பு வலது கைப்பக்கம், பச்சை இடது. பெரும்பாலும் இதுவே போதும். ஆனால் இந்த வழி ஒரு பெரிய ஆற்றோடு சேர்கிற இடத்தில் ஆற்றின் சட்டம் மேலோங்கிவிடும். ஸ்னோஸ் கட் என்ற கால்வாய் தாண்டி கேப் ஃபியர் ஆற்றில் சவுத்போர்ட் நோக்கி இறங்கும்போது நீங்கள் கடலை நோக்கிப் போகிறீர்கள். அங்கே பச்சை வலப்பக்கம் வந்துவிடும். முதல் முறை எனக்குக் கை நடுங்கிவிட்டது.

அதற்குத்தான் மிதவைகளிலும் கம்பங்களிலும் சின்னதாக மஞ்சள் அடையாளம் ஒட்டியிருக்கிறது. கம்பம் எந்த நிறமாக இருந்தாலும் சரி, தெற்கே போகிறவருக்கு மஞ்சள் முக்கோணம் வலது, மஞ்சள் சதுரம் இடது. பைனாகுலர் எடுத்து முதலில் அந்த மஞ்சளைத் தேடுங்கள்.

ஜார்ஜியாவில் தரை தட்டும் என்று பயமுறுத்துகிறார்கள். கடல் வழியாகச் சுற்றிப் போய்விடலாமா?

சின்னப் படகுக்குக் கடல்வழி வேண்டாம். தரை தட்டுவது பற்றி எனக்குத் தெரியும். லிட்டில் மட் ரிவர் என்ற இடத்தில் தட்டினேன்; பெயரிலேயே சேறு இருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை. கடலின் ஏற்ற வற்றத்தில் தண்ணீர் வற்றி முடிய இன்னும் இரண்டு மணி நேரம். வரைபடத் திரையில் வழி காட்டும் ஊதாக் கோட்டின் மேலேயே போய்க்கொண்டிருந்தேன். சத்தமே வரவில்லை. படகு ஏதோ யோசிப்பது போல மெதுவாகி நின்றது. பின்னால் எடுக்க த்ராட்டிலை முறுக்கியதுதான் பெரிய தப்பு. இன்ஜினைக் குளிர்விக்கிற தண்ணீரோடு சேற்றையும் உறிஞ்சிக்கொண்டு வெப்ப அலாரம் கத்த ஆரம்பித்தது. அரை மணியில் படகு ஒருபக்கம் சாய்ந்து, அடுப்பில் வைத்திருந்த டீ பாத்திரம் வழுக்கி விழுந்தது. சுற்றிலும் சேற்றுத் திட்டு. சிப்பிகள் வெயிலில் படபடவென்று வெடிக்கிற மாதிரி ஓர் ஓசை. இறங்கித் தள்ளலாம் என்று ஒரு காலை வைத்தேன், தொடைவரை போய்விட்டது.

வற்றம் முடிய இரண்டு மணி, திரும்பி அதே அளவு ஏற இரண்டு மணி, ஆக நான்கு மணி நேரம். ஏறுகிற தண்ணீரில் தட்டியிருந்தால் பத்து நிமிடத்தில் தானாக மிதந்திருப்பேன். அதனால் ஆழம் குறைந்த இடங்களைப் பாதி ஏறிய தண்ணீரில், இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்போது கடந்துவிடுங்கள். ஜார்ஜியாவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் 7 முதல் 9 அடி வித்தியாசம் இருக்கும். அது ஒரே சீராக இறங்காது. ஆறு மணி நேரத்தில் நடு இரண்டு மணி நேரத்திலேயே பாதி இறங்கிவிடும். எட்டடி என்றால் அரை மணிக்கு ஒரு அடி. சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம் என்று நினைப்பதற்குள் வழி மாறியிருக்கும்.

ஊதாக் கோடு ஒரு யோசனைதான், உத்தரவாதம் இல்லை. மணல் நகர்கிறது, கோடு நகர்வதில்லை. ராணுவப் பொறியாளர் பிரிவான கார்ப்ஸ் ஆஃப் இன்ஜினியர்ஸ் எடுக்கும் ஆழ அளவீடுகள் இணையத்தில் கிடைக்கின்றன. அதில் புதிதாக இருப்பதைப் பாருங்கள். இழுவைப் படகு வந்தால், கயிற்றை வாங்குவதற்கு முன் "இது வெறும் இழுவையா, மீட்பா?" என்று கேட்டுவிடுங்கள். மீட்புக்கான பில் படகின் மதிப்பை வைத்து வரும்.

இரவில் நங்கூரம் போட எவ்வளவு கயிறு விடுவது? ஆழத்தைப் போல் ஐந்து மடங்கு போதும் என்கிறார் என் மச்சான்.

எந்த ஆழத்தை என்று மச்சானிடம் கேளுங்கள். ஜார்ஜியாவில் வற்றத்தில் போடுகிறீர்கள், மீட்டர் 8 அடி காட்டுகிறது. 8ஐ 5ஆல் பெருக்கி 40 அடி விடுவீர்கள். இரவு 8 அடி ஏறும். படகின் மூக்கு தண்ணீருக்கு மேலே 4 அடி. உண்மையான ஆழம் 20 அடி. 40 அடிக் கயிறு என்பது வெறும் இரண்டு மடங்கு, நங்கூரம் பிடுங்கிக்கொள்ளும். 100 அடி விட்டால்தான் அவர் சொன்ன ஐந்து மடங்கு. காற்று இருந்தால் நான் 140 விடுவேன். நீரோட்டம் நள்ளிரவில் திசை மாறிப் படகு சுற்றும், அந்த வட்டத்துக்கு இடம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தூக்குப் பாலங்களுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டுமா?

விஎச்எஃப் ரேடியோவில் கூப்பிட்டால் போதும். வர்ஜீனியா, வட கரோலினாவில் சேனல் 13. தென் கரோலினாவிலிருந்து கீழே சேனல் 9. பாலத்தின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள், "ஹலோ பிரிட்ஜ்" என்றால் மூன்று பாலங்கள் பதில் சொல்லும்.

ஆனால் மோட்டார் படகுக்கு இது பெரும்பாலும் தேவைப்படாது. ஃபிகர் எய்ட் ஐலண்ட் பாலமும் ரைட்ஸ்வில் பீச் பாலமும் மூடியிருக்கும்போதே 20 அடி இடைவெளி தரும். ஆன்டெனாவை மடக்கினால் போய்விடலாம் என்றால் மடக்கித்தான் ஆக வேண்டும், திறக்கச் சொல்வது விதிமீறல். பாய்மரப் படகுக்காரர்களின் பாடுதான் திண்டாட்டம். அந்த இரண்டுக்கும் நடுவே ஐந்து மைல். முதலாவது அரை மணிக்கொரு முறை திறக்கும், இரண்டாவது மணிக்கொரு முறை. ஆறு மைல் வேகத்தில் ஊர்கிறவர் எட்டரைக்கு முதல் பாலம் தாண்டினால், இரண்டாவதன் முன் நாற்பது நிமிடம் வட்டமடிக்க வேண்டியதுதான்.

முந்திச் செல்லும்போது என்னைப் பார்த்துக் கத்துகிறார்கள். ஏன்?

உங்கள் படகு கிளப்பிய அலையால் அவர் படகில் இருந்த தட்டெல்லாம் உருண்டிருக்கும். முன்னால் போகிறவரை ரேடியோவில் கூப்பிட்டு, "இடப்பக்கம் மெதுவாகத் தாண்டுகிறேன்" என்று சொல்லுங்கள். அவரும் வேகத்தைக் குறைப்பார். நீங்களும் குறைத்துத் தாண்டிவிட்டு, நல்ல தூரம் போனபின் வேகமெடுங்கள். உங்கள் அலையால் சேதம் வந்தால் பொறுப்பு உங்களுடையது.

ஏழு வயது மகளை அழைத்துப் போகலாமா?

தாராளமாக. மத்திய விதிப்படி 13 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் படகு ஓடும்போது மேல்தளத்தில் லைஃப் ஜாக்கெட் போட்டிருக்க வேண்டும். மாநிலங்கள் வேறு வயது வைத்திருந்தால் அங்கே அதுதான் சட்டம். வயதை விடுங்கள், வெளியே வந்தால் ஜாக்கெட் என்று பழக்கிவிடுங்கள். இன்ஜின் ஓடும்போது படகின் பின்பலகையில் உட்கார விடாதீர்கள். ப்ரொப்பல்லர் ஒரு காரணம், கார்பன் மோனாக்சைடு இன்னொன்று. அதற்கு வாசனை கிடையாது. 26 அடிக்குக் குறைந்த படகு என்றால், ஓட்டுகிறவர் இன்ஜினை நிறுத்தும் கயிற்றை மாட்டியிருக்க வேண்டும் என்று 2021 ஏப்ரல் 1 முதல் விதி. பெரிய படகானாலும் மாட்டுங்கள்.

எப்போது கிளம்புவது?

புயல் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அக்டோபர் பாதிக்கு மேல் நார்ஃபோக்கை விட்டால் எனக்குச் சரியாக வருகிறது. காப்பீட்டுப் பாலிசியில் எந்தத் தேதிக்கு முன் எந்த எல்லைக்குத் தெற்கே போகக்கூடாது என்று ஒரு வரி இருக்கும், அதைப் படித்துவிட்டு நாள் குறியுங்கள்.

தொடக்கத்தில் டிஸ்மல் ஸ்வாம்ப் கால்வாயா, வர்ஜீனியா கட் வழியா?

நார்ஃபோக்கிலிருந்து தெற்கே இறங்க இந்த இரண்டு வழி உண்டு. வேகம் வேண்டுமென்றால் வர்ஜீனியா கட். டிஸ்மல் ஸ்வாம்ப் 1805இல் திறந்தது, அடிமைகளை வைத்துச் சதுப்பில் கையால் வெட்டியது. ஊர்ந்துதான் போக வேண்டும். மிதக்கும் கட்டைகள் இருக்கும், பச்சைப் பாசி இன்ஜின் வடிகட்டியை அடைக்கும். எனக்கு அதுதான் பிடிக்கும். டீத்தண்ணீர் நிறத்தில் ஓடுகிற நீரில் இருபுறமும் மரம் கவிழ்ந்து நிற்கும், காலை ஏழு மணிக்கு வேறு ஒரு படகும் இருக்காது.

திரும்பி வந்தபின் படகின் மூக்கில் மீசை மாதிரி பழுப்புக் கறை. சோப்பில் போகவில்லை.

மரப்பட்டையின் துவர்ப்புச் சாயம் அது. அந்த டீத்தண்ணீரில் ஓடிய படகுகள் எல்லாவற்றுக்கும் இருக்கும், இங்கே அதற்குப் பெயரே மீசைதான். எலுமிச்சைச் சாறு தேய்த்து வெயிலில் விடுங்கள். போகாவிட்டால் ஆக்ஸாலிக் அமிலம் கலந்த க்ளீனர், கையுறை போட்டுக்கொண்டு. நான் என் படகில் இன்னும் எடுக்கவில்லை.