கடவுச்சொல்லை நிறுத்தாமலே வீட்டுக் கணினிகளுக்கிடையே கோப்புகளைப் பகிர்வது எப்படி?

கேள்வி: வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடு. அப்பாவின் மேசைக் கணினியும் என் மடிக்கணினியும் விண்டோஸ், தங்கையிடம் மேக். பென்டிரைவைக் கொண்டு அலையாமல் வீட்டுக்குள்ளேயே கோப்புகளைப் பாதுகாப்பாகப் பகிர்வது எப்படி? கடவுச்சொல் கேட்பதை நிறுத்தினால்தான் வேலை செய்யும் என்கிறார் கணினி திருத்துபவர். நிறுத்தலாமா?

பதில்:

நிறுத்தாதீர்கள். எங்கள் வீட்டில் ஒருவர் அப்படி நிறுத்திவிட்டுப் போனார். அதனால் என்ன நடந்தது என்பதை முதலில் சொல்கிறேன்.

நானும் வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில்தான் இருக்கிறேன். உயர்தர மாணவர்களுக்கு வீட்டின் முன் அறையில் கணக்கீடு கற்பிக்கிறேன். கணவர் சிறிய கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவர். உள் அறையில் அவருடைய மேசைக் கணினி, என்னிடம் ஒரு மடிக்கணினி, மகனிடம் இன்னொன்று. உங்கள் வீட்டைப் போலவே நாங்களும் பென்டிரைவோடு அலைந்து களைத்துப்போய், ஒருவரைக் கூப்பிட்டுக் கணினிகளை இணைக்கச் சொன்னோம். அரை மணி நேரத்தில் இணைத்துக் கொடுத்தார். என் மடிக்கணினியில் இருந்தபடியே கணவரின் கோப்புகளைத் திறக்க முடிந்தது. மூன்று மாதம் வரை எல்லாரும் மகிழ்ச்சியாகவே இருந்தோம்.

ஒரு சனிக்கிழமை வகுப்பில், மடிக்கணினி கொண்டுவந்திருந்த மாணவன் ஒருவன் கையை உயர்த்தினான். "ரீச்சர், இங்கே ஒரு டிரைவ் தெரிகிறது. யாருடையது என்று பார்க்க ஒன்றைத் திறந்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று திரையை என் பக்கம் திருப்பினான். கொக்குவிலில் உள்ள எங்கள் காணியின் உறுதி, ஸ்கேன் செய்த படம். மஞ்சள் பூத்த தாளின் அடியில் என் பாட்டியின் கைநாட்டு, ஊதா மையில். அந்தக் கைநாட்டை நானே இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பக்கத்துக் கோப்புறைகளில் கணவரின் வாடிக்கையாளர்களுடைய அடையாள அட்டைப் பிரதிகளும் வங்கிக் கூற்றுகளும் இருந்தன.

அந்தப் பிள்ளை நேர்மையானவன், அதனால் சொன்னான். எங்கள் வைஃபை கடவுச்சொல் அவனுக்கு முன்பு படித்த நாற்பது ஐம்பது மாணவர்களிடமும், மேல்மாடியில் இருப்பவர்களிடமும், குளிரூட்டி திருத்த வந்தவரிடமும்கூட இருந்தது. கொழும்பில் வீட்டுக்கு வருகிறவர் தண்ணீருக்கு அடுத்ததாகக் கேட்பது அதைத்தான். இல்லை என்று சொல்ல நமக்கு வாய் வராது. ஆகவே வைஃபையில் இருப்பவர் எல்லாரும் வீட்டுக்காரர் என்று நம்பி எதையும் திறந்து வைக்கக்கூடாது. கோப்புகளுக்கான அனுமதியை ஆளைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். நான் சொல்ல வருவது இதுதான்; மற்றவை இதைச் செய்யும் வழிகள்.

உங்கள் திருத்துநர் ஏன் கடவுச்சொல்லை நிறுத்தச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் எங்கள் வீட்டிலும் அதே இடத்தில்தான் சிக்கியது. அப்பாவின் கணினியை என்ன போட்டுத் திறக்கிறீர்கள்? நான்கு இலக்கப் பின் நம்பராக இருந்தால் காரணம் அதுவேதான். பின் நம்பர் அந்தக் கணினியின் முன் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் செல்லும். வலையமைப்பு வழியாக வருபவரிடம் விண்டோஸ் கேட்பது கணக்கின் உண்மையான கடவுச்சொல்லை. மைக்ரோசாஃப்ட் கணக்கென்றால் அதன் கடவுச்சொல். வீட்டில் யாருக்கும் அது நினைவில் இருக்காது. பின் நம்பரைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பார்கள், தவறு என்று வரும். கடவுச்சொல்லே வைக்காத கணக்கையும் விண்டோஸ் இயல்பாக வலையமைப்பு வழியே உள்ளே விடாது. இரண்டும் சரிவராதபோது 'கடவுச்சொல் பாதுகாப்புள்ள பகிர்வு' என்ற அமைப்பையே அணைத்துவிடுவது சுலபமாகத் தெரிகிறது. அணைத்ததும், 'எவ்ரிவன்' என்று அனுமதி போட்ட எல்லாம் விருந்தினருக்கும் திறந்துவிடும். விண்டோஸ் 11 புரோவின் 24எச்2 பதிப்பிலிருந்து இந்தக் குறுக்குவழி அநேகமாக வேலையும் செய்யாது. பெயரில்லாத விருந்தினர் இணைப்பை அது மறுக்கிறது.

சரியான வழிக்கு இன்னும் பத்து நிமிடம்தான் கூடுதலாக வேண்டும். அப்பாவின் கணினியில் உங்களுக்கென்றும் தங்கைக்கென்றும் தனித்தனி உள்ளகக் கணக்குத் திறவுங்கள். அமைப்புகளில் 'கணக்குகள்', அதில் 'பிற பயனர்கள்' என்ற இடத்துக்குப் போய், மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் ஒருவரைச் சேர்க்கும் தெரிவை எடுக்க வேண்டும். பெயரை ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல் வையுங்கள். கடவுச்சொல் நீளமாக இருக்கட்டும். ஒருதடவை போட்டு 'நினைவில் வைத்திரு' என்று சொல்லிவிட்டால் உங்கள் மடிக்கணினி அதைச் சேமித்துவைத்துக்கொள்ளும், தினமும் தட்டச்சுச் செய்யத் தேவையில்லை. எல்லாருக்கும் சேர்த்து ஒரே கணக்கு என்று மட்டும் வைக்காதீர்கள். நாளைக்குத் தங்கையின் மடிக்கணினி தொலைந்தால், அவருடைய கணக்கை மட்டும் மூடிவிடலாம்.

அடுத்தது எதைப் பகிர்வது என்பது. முழு டிரைவையும் ஒருபோதும் பகிராதீர்கள்; எங்கள் வீட்டில் நடந்த பிழையில் பாதி அதுதான். 'வீட்டுப்பகிர்வு' என்பதுபோல ஒரே ஒரு கோப்புறையை உருவாக்கி, தேவையானதை அதற்குள் கொண்டுவாருங்கள். அதன் பண்புகளைத் திறந்தால் 'ஷேரிங்' என்று ஒரு பக்கமும் 'செக்யூரிட்டி' என்று ஒரு பக்கமும் இருக்கும். இரண்டிலும் அனுமதி உண்டு. வலையமைப்பு வழியாக வருபவருக்கு, இரண்டில் எது இறுக்கமானதோ அதுவே செல்லும். ஷேரிங் பக்கத்தில் 'எவ்ரிவன்' என்பதை நீக்கிவிட்டு உங்கள் இருவரின் பெயரைச் சேருங்கள். செக்யூரிட்டி பக்கத்திலும் அந்தப் பெயர்கள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கோப்புறை கண்ணுக்குத் தெரியும், திறக்காது. உறுதி, பிறப்புச் சான்றிதழ் போன்ற பத்திரங்களுக்கு வாசிக்கும் அனுமதி மட்டும் போதும். மாற்றி எழுதும் அனுமதியை அன்றாடம் வேலை செய்யும் கோப்புறைக்கு மட்டும் கொடுங்கள்.

வாசிப்பு அனுமதியை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீம்பொருள் உங்கள் மடிக்கணினிக்குள் வந்தால், அது அந்தக் கணினியோடு நிற்காது. உங்களுக்கு எழுத அனுமதி உள்ள பகிர்வுகளையும் சேர்த்துப் பூட்டும். 2017 மே 12இல் தொடங்கிப் பல நாடுகளில் மருத்துவமனைகளையும் அலுவலகங்களையும் முடக்கிய 'வான்னாகிரை' பரவியதும் விண்டோஸின் இந்தக் கோப்புப் பகிர்வு முறையில், அதாவது எஸ்எம்பியின் பழைய முதலாம் பதிப்பில் இருந்த ஓட்டையின் வழியாகத்தான். அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டு மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது, போடாதவர்கள் அகப்பட்டார்கள். அந்த முதலாம் பதிப்பு இப்போதைய விண்டோஸில் இயல்பாக இருப்பதில்லை. ஆனால் பழைய ஸ்கேனர் ஒன்று வேலை செய்யவேண்டும் என்பதற்காக யாராவது அதைத் திரும்ப இயக்கியிருக்கலாம். விண்டோஸின் கூடுதல் வசதிகள் பட்டியலில் 'எஸ்எம்பி 1.0' என்பதன் எதிரே அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் எடுத்துவிடுங்கள். அந்த ஸ்கேனருக்குப் பென்டிரைவே போதும்.

தங்கையின் மேக்கும் இதே எஸ்எம்பி முறையில்தான் பேசும். ஃபைண்டரின் 'கோ' பட்டியலில் 'கனெக்ட் டு சேர்வர்' என்பதை எடுத்து, அப்பாவின் கணினி முகவரியைக் கொடுத்து, அந்தக் கணினியில் அவருக்காகத் திறந்த பெயரையும் கடவுச்சொல்லையும் போட்டால் வந்துவிடும். மேக்கிலிருந்து நீங்கள் எடுக்க வேண்டுமென்றால், அங்கே கோப்புப் பகிர்வை இயக்கியபின் அதன் விருப்பங்களுக்குள் போய், விண்டோஸ் பகிர்வுக்கென்று கணக்கைத் தனியாக அடையாளமிட்டுக் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். இதை விட்டுவிட்டுத்தான் "மேக்கும் விண்டோஸும் சேராது" என்று பலர் முடிவுகட்டுகிறார்கள். அங்கே விருந்தினர் அனுமதி இயங்கினால் அணையுங்கள்.

வைஃபைக்கு வருவோம். மாணவர்களுக்காக ரவுட்டரில் விருந்தினர் வலையமைப்பு ஒன்றைத் திறந்தேன். வருகிறவர் எல்லாருக்கும் இப்போது அதன் கடவுச்சொல்லைத்தான் கொடுக்கிறோம். அதில் இணைபவருக்கு இணையம் கிடைக்கும், எங்கள் கணினிகள் தெரியாது. பிரதான வலையமைப்பின் கடவுச்சொல்லை அன்றே மாற்றினோம். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் நிர்வாகக் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள், கடவுச்சொல் தட்டாமலே இணைய விடும் டபிள்யூபிஎஸ் பொத்தான் வசதியை அணையுங்கள், வைஃபை பாதுகாப்பு முறைகளில் புதியதான டபிள்யூபிஏ3 இருந்தால் அதைத் தெரிவுசெய்யுங்கள். அதற்கு முந்திய டபிள்யூபிஏ2வில், வைஃபை கடவுச்சொல் தெரிந்த ஒருவர் முயன்றால் மற்றவர் அனுப்பும், பெறும் தரவை இடைமறித்து வாசிக்க முடியும். அதனால் கணவரின் வாடிக்கையாளர் கோப்புறைக்கு மட்டும் எஸ்எம்பி குறியாக்கத்தையும் கட்டாயமாக்கியிருக்கிறோம். எஸ்எம்பி 3 முதல் இந்த வசதி இருக்கிறது, விண்டோஸில் கட்டளைகளைத் தட்டச்சுச் செய்யும் பவர்ஷெல்லில் ஒரே ஒரு கட்டளை. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமாக வந்த இலங்கையில், பிறருடைய அடையாள அட்டைகளை வைத்திருப்பவர் இவ்வளவாவது செய்ய வேண்டும் என்பது என் எண்ணம்.

விண்டோஸ் உங்கள் வீட்டு வைஃபையைப் 'பொது' என்று எடுத்துக்கொண்டிருந்தால் பகிர்வைத் தீச்சுவர் (ஃபயர்வால்) தடுக்கும். அதற்காகத் தீச்சுவரை அணைக்காமல், வீட்டு வைஃபையை மட்டும் 'தனியார்' என்று மாற்றுங்கள். ரவுட்டரில், எஸ்எம்பி பயன்படுத்தும் 445ஆம் வாசலை (போர்ட்) வெளியுலகுக்குத் திறந்துவிடச் சொன்னால் ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். வெளியிலிருந்து எடுக்க வேண்டிய தேவை வந்தால் அதற்கு விபிஎன், அதாவது வீட்டு வலையமைப்புக்குள் வரும் குறியாக்கப்பட்ட தனிவழி, இருக்கிறது.

இதற்கு டேட்டா தீருமா என்று என்னிடம் பலர் கேட்கிறார்கள். தீராது. கோப்பு உங்கள் ரவுட்டரைத் தாண்டி வெளியே போவதில்லை, மாதாந்த ஜீபியில் ஒன்றும் குறையாது. மேகத்தில் (கிளவுட்) ஏற்றி மறுபடி இறக்கினால் இரண்டு தடவை கழியும். வேகமும் அதிகம்: 40 ஜீபி கலியாண வீடியோ, கிகாபிட் வசதியுள்ள ரவுட்டரில் கேபிள் வழியாக ஆறேழு நிமிடத்தில் போய்விடும், கேபிள் செருகும் வாசல் 100 மெகாபிட் மட்டுமே உள்ள ரவுட்டரில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் எடுக்கும்.

தங்கை பெரும்பாலும் வெளியில் இருப்பவர் என்றால் பகிர்வைவிடச் 'சிங்திங்' என்ற இலவச மென்பொருள் அவருக்குப் பொருந்தும். ஒவ்வொரு கணினிக்கும் நீண்ட அடையாளக் குறி ஒன்று இருக்கும். இரண்டு பக்கமும் ஒன்றையொன்று ஏற்றுக்கொண்டால்தான் கோப்பு நகரும், அதுவும் குறியாக்கத்தோடு. ஆனால் ஒருவர் அழித்தால் மற்றவரிடமும் அழிந்துவிடும். பழைய பதிப்புகளை வைத்திருக்கும் வசதியை முதலிலேயே இயக்குங்கள்.

எதைப் பயன்படுத்தினாலும் பத்திரங்களின் இன்னொரு பிரதி, கணினியோடு இணைக்காத ஒரு வெளி வன்தட்டில், அலுமாரிக்குள் இருக்கட்டும். 2022இல் மின்வெட்டு 13 மணி நேரம்வரை நீண்ட நாட்களில், நகலெடுப்பு பாதியில் நின்றுபோய்க் கோப்புகளை இழந்தவர்களை நான் அறிவேன். நகலெடுத்து, திறந்து பார்த்து, அதன்பிறகே மூலத்தை அழியுங்கள்.

எல்லாம் முடிந்ததும் வெளியாள் ஒருவரின் கணினியில் சோதித்துப் பாருங்கள். உங்கள் கணினியில் சோதிப்பதால் பயனில்லை, அதில் கடவுச்சொல் ஏற்கெனவே சேமிக்கப்பட்டிருக்கும். நான் அதே மாணவனைத்தான் கேட்டேன். அடுத்த சனிக்கிழமை வகுப்பு தொடங்குமுன் முதலில் விருந்தினர் வைஃபையில் தேடினான். எங்கள் கணினிகளே தெரியவில்லை. பிறகு அவனைப் பிரதான வைஃபையில் சில நிமிடம் இணைத்து, கணவரின் கணினி முகவரியைத் தட்டச்சுச் செய்யச் சொன்னேன். "பெயரும் கடவுச்சொல்லும் கேட்கிறது, ரீச்சர்" என்றான். வாய்க்கு வந்த நாலைந்தைப் போட்டுப் பார்த்தான். திறக்கவில்லை. மடிக்கணினியை மூடிவிட்டு ஐந்தொகைக் கணக்கை எடுத்தான்.